பாறை ஓடைக்குள் ஃபோர்-வீல் வண்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐந்து கதவு மாருதி ஜிம்னி, மேனுவல் கியர் வைத்திருக்கிறேன். கேப்பர் மலைச் செம்மண் பாதைகளில் நன்றாக ஓட்டுவேன், மணலும் பழக்கம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் தனியார் எஸ்டேட் ஒன்றுக்குள், பள்ளத்தாக்கில் ஓடும் பாறை ஓடை வழியாகவே 3 கி.மீ. போகும் பாதைக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். ‘எக்ஸ்பர்ட் லெவல்’ என்கிறார்கள். போகலாமா?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வண்டியைப் பற்றிக் கவலை இல்லை. மாற வேண்டியது உங்கள் வலது காலின் பழக்கம். மணலில் வண்டி நின்றால் புதையும், அதனால் விடாமல் மிதிக்கக் கற்றிருப்பீர்கள். பாறையில் அதே மிதிதான் ஆக்சிலை முறிக்கும். ஈரப் பாறையில் சுழலும் சக்கரம் திடீரென்று ஒரு காய்ந்த முனையைக் கவ்வும்போது, சுழற்சியின் மொத்த வேகமும் ஆக்சில் தண்டிலும் சி.வி. ஜாயின்டிலும் (முன்சக்கரம் திரும்பும்போதும் விசையைக் கடத்தும் மூட்டு) போய் விழுகிறது. உடைப்புகளில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது. பாறையின் உயரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

‘எக்ஸ்பர்ட்’ என்ற பெயர் ஒரு பாதைக்கு எப்போது வரும்? வெளியே நின்று வழிகாட்ட ஆள் இல்லாமல் கடக்க முடியாத இடங்கள் இருக்கும். டயரின் பாதி உயரத்தைத் தொடும் படிக்கற்கள் இருக்கும். இறங்கிய பிறகு வண்டியைத் திருப்ப இடம் இருக்காது. பள்ளத்தாக்கு ஓடையில் மூன்றாவதுதான் முக்கியம்.

உங்கள் வண்டியின் கணக்கைப் பார்ப்போம். 195/80 ஆர்15 டயரின் மொத்த உயரம் சுமார் 69 செ.மீ. ஆகவே சக்கரத்தின் நடுமையம் தரையிலிருந்து 34 செ.மீ. அளவில் இருக்கிறது, காற்றை இறக்கினால் இன்னும் கொஞ்சம் தாழும். செங்குத்தான படி அந்த மையத்தை நெருங்கினால் டயர் ஏறாது, முட்டிக்கொண்டு நிற்கும். 20-25 செ.மீ. படியை நிதானமாக ஏறலாம். அதற்கு மேல் என்றால் கல் அடுக்கித்தான் ஆக வேண்டும். ஜிம்னியின் முன்பக்க அணுகுகோணம் 36 டிகிரி. மூக்கு அவ்வளவு எளிதில் தட்டாது. தட்டப்போவது வயிறுதான். மூன்று கதவு ஜிம்னியில் முன்-பின் சக்கர இடைவெளி 2,250 மி.மீ., உங்களுடையதில் 2,590 மி.மீ. நடுவயிற்றுக் கோணம் 24 டிகிரிதான். முன்சக்கரம் பாறையைத் தாண்டி இறங்கிய பிறகு நடுப்பாகம் பாறை மேல் உட்கார்ந்துவிடும். ராக் ஸ்லைடர் எனப்படும் பக்கவாட்டு இரும்புக் குழாய், சேஸிஸில் பிணைத்தது, இருந்தே ஆக வேண்டும். கதவுக்குக் கீழே அழகுக்குப் பூட்டும் ஃபுட்போர்டு முதல் கல்லிலேயே மடங்கிக் கதவைத் திறக்க விடாது.

கூப்பிட்டவர்களிடம் கேளுங்கள். உயரமான படி எத்தனை செ.மீ.? குறுகலான இடம் எவ்வளவு அகலம்? (உங்கள் வண்டி 1,645 மி.மீ.) ஆழமான மடு எங்கே? நடுவில் கரையேறி வெளியேற வழி உண்டா, எத்தனை இடத்தில்? ‘போய்ப் பாத்துக்கலாம்’ என்று பதில் வந்தால் அந்தப் பயணம் வேண்டாம். விவரம் சொல்கிறார்கள் என்றால் முதல் தடவை வண்டி இல்லாமல் போய், அந்த 3 கி.மீ.யை நடந்து பார்த்து, மற்றவர்களுக்குக் கல் அடுக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை ஓட்டலாம்.

கடற்கரை மணலில் ஓட்டுவது பற்றி ஒரு வார்த்தை. நம் கரையில் ஜனவரி தொடங்கி பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட வருகின்றன. முட்டைக்குழி மேலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே வண்டி இறக்காதீர்கள்.

கேள்வி: பாறையில் டயர் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்? ஒருவர் 20 என்கிறார், ஒருவர் 12 என்கிறார்.
— வாசகர், பண்ருட்டி

பதில்: ஜிம்னி மாதிரி எடை குறைந்த வண்டிக்கு 16-18 பிஎஸ்ஐ, மஹிந்திரா தார் போன்றவற்றுக்கு 18-20 பிஎஸ்ஐ. இங்கிருந்து தொடங்குங்கள். பீட்லாக் (டயர் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இல்லாத சாதாரண ரிம்மில் 12-க்குப் போனால், சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கி ஸ்டியரிங்கைத் திருப்பும் நேரத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ஓடைத் தண்ணீருக்குள் கழன்ற டயரை மறுபடி உட்காரவைப்பது பெரும்பாடு, விளிம்பில் மணல் புகுந்தால் காற்று நிற்கவே நிற்காது.

காற்றைக் குறைப்பது எதற்கு? டயர் கல்லைச் சுற்றி மடிந்து பிடிக்க வேண்டும். 28 பிஎஸ்ஐயில் இருக்கும் டயர் உருண்டைக் கல்லின் உச்சியை மட்டும் தொடுகிறது, பக்கவாட்டில் வழுக்கி இறங்குகிறது. 17-ல் அதே டயர் கல்லின் மேடுபள்ளத்துக்குள் உட்காருகிறது. கூடவே ஒரு தொல்லையும் வரும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும். தண்ணீர் உருட்டி மழுக்கிய கற்கள் உள்ள ஓடையில் அதனால் மோசம் இல்லை. கரையிலிருந்து புதிதாகச் சரிந்து விழுந்த பாறைத்துண்டுகளின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், அங்கே 2-3 பிஎஸ்ஐ கூட்டி வையுங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் பிளக் வேலை செய்யாது. ஸ்டெப்னியும் மற்ற நான்கு டயர் அளவிலேயே, அதே தரத்தில் இருக்க வேண்டும்.

காலையில் குளிர்ந்த டயரிலேயே இறக்குங்கள். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான டயரில் அளந்தால் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், பிறகு ஓடைத் தண்ணீரில் குளிர்ந்ததும் நீங்கள் நினைத்ததைவிடக் கீழே போய்விடும். பெட்ரோல் பங்க் மீட்டர்கள் குறைந்த அழுத்தத்தில் நம்பகமானவை அல்ல, 0-60 பிஎஸ்ஐ அளவுள்ள சிறிய மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், எப்போதும் அதே மீட்டர். வெளியே வந்ததும் தார்ச்சாலை ஏறும் முன் காற்று நிரப்ப வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரஸரை பேட்டரி முனையிலேயே கிளிப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு இயக்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் பெரிய கம்ப்ரஸர் ஃபியூஸை எரித்துவிடும்.

கேள்வி: படிக்கல் ஏறும்போது வண்டி ஆஃப் ஆகிறது, அல்லது துள்ளுகிறது. எங்கே தவறு? வழிகாட்டுபவர் என்னென்ன செய்ய வேண்டும்?
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஆஃப் ஆவதற்கும் துள்ளுவதற்கும் காரணம் வேறு வேறு. முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் கியர். ஃபோர்-லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, கூடுதல் விசையோடு சுழலும் நிலை), முதல் கியர், கிளட்சிலிருந்து கால் முழுக்க வெளியே. ஜிம்னி மேனுவலில் முதல் கியர், லோ, ஆக்சில் மூன்றும் பெருகி மொத்த விகிதம் சுமார் 36-க்கு 1 வரும். ஐட்லிங்கிலேயே வண்டி மணிக்கு 3 கி.மீ.க்கும் குறைவாக ஊரும். நடக்கும் மனிதரைவிட மெதுவாக. அந்த வேகம் கூடுதல் என்று கிளட்ச்சைப் பாதி மிதித்து ஓட்டுபவர்கள் ஓடையின் பாதியிலேயே கருகல் வாடையை உணர்வார்கள். வேகத்தைக் குறைக்க பிரேக்கை லேசாகத் தொடுங்கள், கிளட்ச்சைத் தொடாதீர்கள். ஆட்டோமேட்டிக்கில் விகிதம் சுமார் 25-தான், ஆனால் டார்க் கன்வர்ட்டர் உதவுகிறது. அங்கே இடது காலை பிரேக்கில் வைத்து, வலது காலால் கொஞ்சமாக ஆக்சிலேட்டர் கொடுத்து, டயர் கல்லின் உச்சியைத் தாண்டும் கணத்தில் பிரேக்கை இறுக்கினால் மறுபுறம் ‘தொப்’பென்று விழாது.

துள்ளல் வேறு கதை. டயர் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டுத் துள்ளும்போது ஆக்சில் வாங்கும் அடி கணக்கில்லாதது. துள்ளத் தொடங்கிய நொடியில் காலை எடுத்துவிடுங்கள். பின்னால் ஒரு முழம் இறங்கி, வேறு கோணத்தில் வாருங்கள். ஸ்டியரிங் முழுக்கத் திரும்பிய நிலையில் அழுத்தி மிதிப்பதும் அதே அளவு ஆபத்து. சி.வி. ஜாயின்ட் அந்த மடிப்பில்தான் மிக பலவீனமாக இருக்கும். முதலில் சக்கரத்தை நேராக்கி ஏறுங்கள், உச்சிக்கு வந்த பிறகு திருப்புங்கள்.

ஜிம்னியில் மெக்கானிக்கல் டிஃப் லாக் (ஒரே ஆக்சிலின் இரு சக்கரத்தையும் சேர்ந்து சுழலப் பூட்டுவது) கிடையாது. ஒரு சக்கரம் காற்றில் தொங்கிச் சுழன்றால் கம்ப்யூட்டர் அதை பிரேக் பிடித்து எதிர்ச்சக்கரத்துக்கு விசையைத் திருப்பும். ஆனால் அது புரிந்துகொள்ள, சக்கரம் கொஞ்சம் சுழன்றாக வேண்டும். கடகடவென்ற சத்தம் கேட்டதும் பயந்து காலை எடுப்பவர்கள் அந்த உதவியைத் தாங்களே நிறுத்துகிறார்கள். ஆக்சிலேட்டரை ஏற்றாமல் இறக்காமல் ஓரிரு நொடி அப்படியே வைத்திருங்கள். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்-பின் இரண்டிலும் லாக் உண்டு. தாரில் வேரியன்ட்டைப் பொறுத்துப் பின்பக்கம் மெக்கானிக்கல் லாக் வரும், அது தானாகவே பூட்டிக்கொள்ளும்.

இனி வழி தேர்ந்தெடுப்பது. புதியவர்கள் பெரிய கல்லை வயிற்றுக்கு நடுவில் விட்டு இரண்டு பக்கமும் சக்கரம் போகப் பார்ப்பார்கள். பாறையில் அது தலைகீழ். உயரமான கல்லின் மேல் டயரை ஏற்றுங்கள், அப்போதுதான் வண்டி முழுவதும் உயரும். கிளம்பும் முன் வீட்டிலேயே வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டிஃபரென்ஷியலின் உருண்டை இடப்பக்கமா வலப்பக்கமா, டிரான்ஸ்ஃபர் கேஸ், சைலன்சர், பெட்ரோல் டேங்க் எங்கெங்கே தொங்குகின்றன என்று ஒரு தாளில் வரைந்து, வழிகாட்டுபவர் கையில் கொடுங்கள். கூரான கல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

வழிகாட்டுபவர் ஒரே ஒருவர்தான். நால்வர் கத்தினால் ஓட்டுநர் யாரையும் கேட்கக் கூடாது. தண்ணீர் இரைச்சலில் குரல் கேட்காது, கைச்சைகைதான். இரு உள்ளங்கையும் தன்னை நோக்கி ஆடினால் ‘வா’, கையை மூடி மேலே தூக்கினால் ‘நில்’, கட்டைவிரல் காட்டும் பக்கம் ஸ்டியரிங் திரும்பும். இதைக் கரையிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் வண்டிக்கு நேர் கீழே, இறக்கத்தின் பாதையில், வண்டிக்கும் பாறைச் சுவருக்கும் இடையில் ஒருபோதும் நிற்கக் கூடாது. அவர் உங்கள் கண்ணிலிருந்து மறைந்தால் வண்டி நிற்க வேண்டும். இதில் தளர்வு இல்லை.

கல் அடுக்கும்போது பெரிய கல் கீழே, தட்டையான பக்கம் மேலே. ஆட்டிப் பார்த்து ஆடாத கல்லை மட்டும் விடுங்கள், இடுக்குகளில் சிறு கல் சொருகுங்கள். பாசி படிந்த பரப்பை ஆற்றுமணல் போட்டுத் தேய்த்தாலே பிடிமானம் கூடும். தாண்டிய பிறகு கல்லை எடுத்த இடத்தில் போட்டுவிடுங்கள், ஓடையின் போக்கு மாறக் கூடாது. ஸ்டியரிங்கின் உள்கம்பிக்குள் கட்டைவிரலை நுழைத்துப் பிடிக்காதீர்கள். சக்கரம் கல்லில் மோதி ஸ்டியரிங் வெட்டித் திரும்பினால் விரல் ஒடியும்.

கேள்வி: தார் டீசல். ஸ்நார்க்கல் போட்டால் எவ்வளவு ஆழம் இறங்கலாம்?
— வாசகர், நெய்வேலி

பதில்: ஸ்நார்க்கல் இன்ஜின் காற்று உறிஞ்சும் வாயை மட்டும் உயர்த்துகிறது. ஆல்டர்னேட்டர், வயரிங் கனெக்டர்கள், கதவு ரப்பர் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. தாருக்கு நிறுவனம் சொல்லும் ஆழம் 650 மி.மீ. அதுவும் கலங்காமல் நிற்கும் தண்ணீருக்கு. ஓடும் தண்ணீரில் முழங்கால் ஆழமே வண்டியைப் பக்கவாட்டில் நகர்த்தப் போதும். மூங்கில் கழியில் 50 செ.மீ.யில் ஒரு கோடு, 65-ல் ஒரு கோடு போட்டுக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி, இருவராகக் குறுக்கே நடந்து பாருங்கள். மனிதர் கால் ஊன்றி நிற்க முடியாத இடத்தில் வண்டியும் நிற்காது. பாறைகளுக்கு இடையில் தெளிவான தண்ணீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும், கண்ணை நம்பாமல் கழியை நம்புங்கள். இந்த நடந்து பார்க்கும் யோசனை மலை ஓடைக்கு. சிதம்பரம் பக்கம் கொள்ளிடம், பழைய கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு, அங்கே இறங்காதீர்கள்.

இறங்கும் முன் ஐந்து பத்து நிமிடம் வண்டியை ஆறவிடுங்கள். சூடான ஆக்சில் உறை குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆக்சில் உறை காற்று வாங்கும் பிரீதர் குழாயை இன்ஜின் அறை உயரத்துக்கு நீட்டி வைப்பது இதற்காகத்தான். குழாய்ச் செலவு சொற்பம், ஸ்நார்க்கலுக்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

நடுத்தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். இழுத்துக் கரையேற்றி, ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் டீசலில் க்ளோ பிளக்கை, பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய பிறகே இன்ஜினைச் சுற்ற வேண்டும். ஊர் திரும்பியதும் இரண்டு டிஃப்பிலும் ஆயில் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, அன்றே மாற்ற வேண்டும். ஒரு வாரம் விட்டால் பேரிங்கில் துரு பிடித்துவிடும்.

மழையைப் பற்றிக் கடலூர்க்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பிறகு, டிசம்பர் முதல் வாரத்தில், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. தலைக்கு மேல் வானம் எப்படி இருக்கிறது என்பது போதாது, தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அங்கே என்ன பெய்கிறது என்று தெரிய வேண்டும். பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் சுவர், ஏற இடம் இருக்காது. தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, வண்டியை விட்டுவிட்டு ஆட்களை மேலேற்றுங்கள். வண்டியைக் காப்பாற்றுவது அதற்குப் பிறகு. சாப்பாட்டுக்கு ஓடைப்படுகையில் நிறுத்தாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பேச்சே வேண்டாம்.

கேள்வி: வின்ச் வாங்குவதா, கைனெட்டிக் கயிறு போதுமா?
— வாசகர், சிதம்பரம்

பதில்: கைனெட்டிக் கயிறு மணலுக்கும் சேற்றுக்கும். அது நீண்டு, சுண்டி இழுக்கும். பாறை இடுக்கில் சக்கரம் மாட்டியிருக்கும்போது அப்படிச் சுண்டினால் கொக்கி பிய்ந்து பறக்கும், அல்லது ஆக்சில் வளையும். பாறையில் முதல் வேலை ஜாக்கி. வண்டியைத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் கல் நிரப்பி, தானாக நடக்க வைப்பது. பாதிச் சிக்கல் அதிலேயே தீரும். ஈரப் பாறையில் ஜாக்கி வழுக்கும், ஒரு சதுர அடி கனமான பலகையை அடியில் வையுங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையை விடாதீர்கள், கல்லைக் கட்டையால் தள்ளுங்கள்.

வின்ச் (டிரம்மில் ரோப்பைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) வாங்கினால், அதன் இழுவிசை வண்டியின் முழுச்சுமை எடையில் ஒன்றரை மடங்கு குறைந்தபட்சம். ஜிம்னிக்கு முழுச்சுமை 1,545 கிலோ, ஆக 2.3 டன்னுக்கு மேல். ரோப் ஏறக்குறைய முழுக்க அவிழ்ந்து, டிரம்மின் அடி அடுக்கில் இருக்கும்போதுதான் அந்த முழு இழுவிசை கிடைக்கும். இரும்பு ரோப் என்றால் குறைந்தது 5 சுற்று, சிந்தெடிக் என்றால் 8 சுற்று டிரம்மில் மிச்சம் இருக்கட்டும். ஒரு கப்பியில் கோத்து இரட்டையாகத் திருப்பினால் வேகம் பாதியாகும், விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். பாறையைக் கட்டிப்பிடித்து நங்கூரமாக்கும்போது ஸ்லிங் உரசும் விளிம்புகளில் பழைய சாக்கு மடித்து வையுங்கள். பணம் இடித்தால் நெய்வேலியில் கனரக வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் கையால் இழுக்கும் டர்ஃபர் நல்ல மாற்று. மெதுவானது, அதனாலேயே பாறைக்குப் பொருத்தமானது.

ஷாக்கிள் (கயிற்றை வண்டியோடு மாட்டும் இரும்பு வளையம்) 19 மி.மீ., மேலே 4.75 டன் என்று பொறித்ததாக வாங்குங்கள். பொறிப்பு இல்லாத ஹார்டுவேர் கடைச் சரக்கு வேண்டாம். டிரெய்லர் இழுக்கும் உருண்டைக் கொக்கியில் கயிறு மாட்டவே கூடாது, அது அறுந்தால் குண்டு போலப் பாயும். இழுக்கும்போது மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும், கயிறு அறுந்தால் பாயாமல் இருக்க அதன் மேல் கனமான சாக்கு அல்லது டேம்பர் போடுங்கள்.

கேள்வி: பெரிய டயர், முன்பக்க இரும்பு கார்டு போடலாமா? இன்ஷூரன்ஸ் வருமா?
— வாசகர், வில்லியனூர்

பதில்: பதிவுச் சான்றில் உள்ளதிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. புல்பார் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. வழக்கமான மோட்டார் பாலிசியில் ஒழுங்குசெய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவை விலக்கு. தண்ணீரால் இன்ஜின் கெட்டால் ‘இன்ஜின் புரொடெக்ஷன்’ கூடுதல் காப்பு இருந்தால்தான் பேச முடியும். பாலிசித் தாளைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: புதுச்சேரி சுற்றுவட்டாரத்தில் பாறை ஓட்டிப் பழக எங்கே போகலாம்? செஞ்சிப் பக்கம் பாறையாகவே இருக்கிறதே?
— வாசகர், அரியாங்குப்பம்

பதில்: செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது. சுற்றியுள்ள மலைகளில் காப்புக்காடு நிறைய, அனுமதியின்றி நுழைவதே குற்றம். திருவக்கரை கல்மரப் பூங்காவும் அப்படித்தான். கைவிட்ட கல்குவாரியின் விளிம்பு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

தெரிந்தவர் பட்டா நிலத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்கி, ஜேசிபியை அரைநாள் வாடகைக்கு எடுங்கள். முதலில் 15, 20, 25 செ.மீ. உயரத்தில் மூன்று கல்படி. அடுத்து இடமும் வலமும் மாறி மாறி 40 செ.மீ. ஆழக் குழி, ஒரு சக்கரம் காற்றில் தொங்கும்படி. கடைசியாக, உருண்டைக் கற்கள் கொட்டிய 20 மீட்டர் பாதை, அதில் ஒருநாள் டேங்கர் தண்ணீர் விட்டு நனைத்துப் பழக வேண்டும். கண்ணாடி வழியே தலையை நீட்டாமல், வழிகாட்டுபவரின் கையை மட்டும் பார்த்து இதை முழுக்க முடிக்க வந்துவிட்டால் மலை ஓடையைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: வீடு கடலோரம். ஃபோர்-வீல் போட்டால் விழ மறுக்கிறது. உப்புக் காற்றா?
— வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: உப்பும் ஒரு காரணம், பயன்படுத்தாமல் விட்டதும் ஒரு காரணம். மாதம் ஒருமுறை மண் பாதையில் ஃபோர்-ஹை, ஃபோர்-லோ இரண்டிலும் சில நூறு மீட்டர் ஓட்டுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் வேண்டாம், முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி லீவரே சிக்கிக்கொள்ளும். சிக்கினால் பத்தடி ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விடும். லோவுக்கு மாற்றும்போது வண்டி முழுக்க நின்றிருக்க வேண்டும், கிளட்ச் முழுக்க மிதித்திருக்க வேண்டும்.

அதோடு இழுவைக் கொக்கியின் போல்ட்டுகளைப் பாருங்கள். தலை மட்டும் பளபளவென்று இருக்கும், சேஸிஸுக்குள் போகும் கழுத்தில் துரு தின்றிருக்கும். ஒன்றைக் கழற்றிப் பார்த்து, திருகு இழைகள் உதிர்ந்தால் எல்லாவற்றையும் அதே அளவு, 10.9 தரம் அல்லது நிறுவனம் சொன்ன தரத்தில் மாற்றுங்கள். ஆக்சில் மேலுள்ள பிரீதர் மூடியை விரலால் சுழற்றினால் சுழல வேண்டும். உப்பு பிடித்து இறுகியிருந்தால் டிஃப்பின் சூட்டுக்கு வெளியேற வழியில்லாமல் ஆயில் சீல் வழியாகக் கசியும். புதியது மாற்றிய பிறகே தண்ணீரில் இறக்குங்கள்.